ஒருதரம்தான் கேட்பார்

அவர் எதையும் ஒருதரம்தான் கேட்பார். பதில் கிடைத்ததும் தலையை மெல்ல ஆட்டிவிட்டு, அதை நம்பிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். "உண்மையாவா?", "சத்தியமாவா?" என்று இரண்டாவது கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததை நான் அறியேன்.

திருகோணமலைக்குப் பக்கத்தில் சீனக்குடாவில், வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன களஞ்சியங்களில் ஒன்றில் நான் கிளாக்கராக இருந்தேன். வயது இருபத்தாறு. அவர் அதே களஞ்சியத்தில் பீப்பாய் உருட்டியவர். ஒரு நாள் பீப்பாய் ஒன்று அவருடைய முழங்காலில் ஏறிவிட்டது. பிறகு அவரை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். கிண்ணியாவிலிருந்து வருவார். நாற்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றார்கள், நானும் அப்படித்தான். அவர் என்னைக் கிளாக்கர் தம்பி என்பார்.

வாசலுக்கு வரும் மீன்காரனிடம், "இண்டைக்குப் பிடிச்சதா?" என்று ஒருதரம் கேட்பார். அவன் ஓம் என்றால் வாங்கிவிடுவார். செவுளைத் தூக்கிப் பார்க்கமாட்டார். ஒருமுறை இரண்டு நாள் வயிற்றாலே போய் வேலைக்கு வராமல் இருந்தார். திரும்பி வந்தபோது, "ஏன் நானா, பார்த்து வாங்கியிருக்கலாமே?" என்றேன். "அவன்தானே இண்டைக்கு எண்டு சொன்னான்?" என்றார், மீன் தன்னை ஏமாற்றியது போல.

எங்களிடம் வேலை செய்த ஒருவன், தாய் செத்துப்போனாள் என்று ஒரே வருடத்தில் மூன்றுதரம் லீவு எடுத்தான். மூன்றுதரமும் நானா அவன் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவருக்குக் கோபமே வரவில்லை.

"அவன் சொல்லுறது அவன்ட பொறுப்பு தம்பி. நம்புறது என்ட பொறுப்பு. ரெண்டு பேர்ட வேலையையும் நான் ஒருத்தன் செய்ய ஏலாதே," என்றார்.

அப்போது இதை வெகுளித்தனம் என்று நினைத்தேன். நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

களஞ்சியத்தில் செப்புக் கம்பியும் கயிறும் காணாமல் போய்க்கொண்டிருந்தன. எங்கள் மேலதிகாரியைப் பெரியவர் என்போம். அவர் எங்கிருந்தோ ஓர் அல்சேஷன் குட்டியை வரவழைத்தார். ஏழு மாதப் பெண் நாய். அதற்கு மோப்பம் பிடித்துத் தடம் போகப் பழக்கவேண்டும், யார் தயார் என்று கேட்டார். காவல்காரர் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். நானா கையை உயர்த்தினார். சிறு வயதில் காணாமற்போன எருமைகளை அடிச்சுவடு பார்த்துத் தேடிப் பிடித்தவராம். ஐந்து மாதம் தவணை. நாய் சோதனையில் தேறினால் நாய்க்காவலர் வேலை அவருக்கு நிரந்தரம். தேறாவிட்டால் வாசல் காவலும் இல்லை, அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று, திரும்பவும் பீப்பாய் உருட்டப் போகவேண்டும். அந்த முழங்காலோடு பீப்பாய் உருட்டுவது என்னவென்று அவரைத் தவிர எல்லோரும் பேசினோம்.

நாயோடு ஒரு சிறு ஆங்கிலப் புத்தகமும் வந்திருந்தது. அதை வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு. அப்படித்தான் நான் இதற்குள் வந்தேன். ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பக்கம் வாசித்துத் தமிழில் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தடம் போகும் நாயை ஏசக்கூடாது, இழுக்கக்கூடாது, கயிற்றைத் தளர விட்டுப் பின்னால் போகவேண்டும், சந்தேகம் வந்தால் தன் கண்ணை விட நாயின் மூக்கை நம்பவேண்டும் என்று புத்தகம் சொன்னது. அந்த இடத்தில் கண்ணைத் திறந்து, "நல்ல புத்தகம்," என்றார்.

அவர் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் ஏழுதரம் கழுவவேண்டும், அதில் ஒருதரம் மண் போட்டு. நாயைக் கையேற்குமுன் ஊரில் பள்ளிவாசல் லெவ்வையிடம் போய்க் கேட்டிருக்கிறார். தடம் பிடிக்கவும் காவலுக்கும் நாய் வைத்திருக்கலாம், எச்சில் பட்டால் கழுவிக்கொள் என்று லெவ்வை சொல்லிவிட்டார். நாயோடு இருக்கும்போது உடுக்க ஒரு சாரமும் சட்டையும் தனியாக நாய்க் கொட்டிலில் தொங்கும். குழாயடியில் ஒரு சிரட்டை நிறைய மண் இருக்கும். குட்டி நாய்க்கு இதெல்லாம் தெரியுமா? துள்ளி வந்து கையை நக்கிவிடும். உடனே குழாயடிக்குப் போவார். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. சலிக்காமல் எண்ணி எண்ணிக் கழுவுவார்.

"நானா, அது நக்கினா நீங்கள் கழுவுறீங்கள். நீங்கள் தொட்டா அது எங்க போய்க் கழுவும்?" என்று ஒருநாள் பகிடி பண்ணினேன்.

சிரித்தார். "கழுவுறது எனக்குள்ள சட்டம் தம்பி. அதுக்குள்ள சட்டம் வேற. மூக்குக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லவேணும், தெரியாட்டி தெரியா எண்டு சொல்லவேணும். அது தன்ட சட்டத்தை மீறினதில்ல. நான்தான் சிலவேளை ஏழை ஆறா எண்ணிருவன்."

பெரியவர் நாய்க்கு ஏதோ ஒரு சீமாட்டியின் பெயர் வைத்தார். நானா 'புள்ள' என்றே கூப்பிட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

பழக்கும் முறை இதுதான். தடம் போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். புறப்படும் இடத்தில் புல்லை நன்றாக மிதித்துவிட்டு நடக்கவேண்டும். முடிவில் என் வியர்வை ஊறிய பனியன் ஒன்றைப் போட்டுவிட்டு வேறு வழியாகத் திரும்பவேண்டும். அரை மணி கழித்து அவர் புள்ளையைக் கொண்டுவருவார். நெஞ்சுவாரில் முப்பதடிக் கயிறு. மிதித்த இடத்தை அது மோந்து, பிறகு மூக்கை நிலத்தில் வைத்துக்கொண்டு நான் போன வழியே போகும். பனியனைக் கண்டுபிடித்தால் ஓர் இறைச்சித் துண்டும், "என்ட புள்ள, என்ட புள்ள" என்ற இரண்டு வார்த்தையும். முதலில் ஐம்பது கஜம், நேர் கோடு. பிறகு ஒரு திருப்பம். பிறகு இரண்டு. நாலாம் மாதம் ஒரு மைல் போகத் தொடங்கியது. தடம் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்தால் கயிறு வழியாக நாய்க்குச் சொல்லிவிடுவாராம். ஆகவே உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர்: நானும் நாயும்.

மணம் அறுந்துபோனால் புள்ள மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடும். இங்கே முடிந்தது, இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று அர்த்தம். அதை யாரும் அதற்குப் பழக்கவில்லை. தானாகச் செய்தது. "பாத்தீங்களா, தெரியாததைத் தெரியா எண்டு சொல்லுது. நம்மட ஸ்டோர்ல ஆருக்கும் இது வராது," என்று நானா எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

சோதனைக்கு இரண்டு கிழமை இருந்தது. ஒரு சனிக்கிழமை. மறுநாள் எனக்குப் பெண் பார்க்கப் போகும் ஏற்பாடு. அதற்காகத் திருகோணமலை நகரத்தில் புதுச் சப்பாத்து வாங்கியிருந்தேன். கறுப்புத் தோல், கூர் முனை. பெண் வீட்டில் நொண்டக்கூடாது என்று அன்றே போட்டுப் பழகினேன். அன்றைய தடம் நீளமானது. களஞ்சிய வேலியோரம் போய், பெரிய றோட்டைக் கடந்து, பத்தைக் காட்டுக்குள் நுழைந்து, பழைய தண்ணீர்த் தாங்கியடியில் முடியவேண்டும்.

றோட்டுக்கு வந்தபோது குதிகால் இரண்டும் உரிந்துவிட்டன. வெயில் வேறு. அந்த நேரம் பார்த்து மணல் லொறி ஒன்று வந்தது. சாரதி தெரிந்தவன். கையைக் காட்டினேன். றோட்டு விளிம்பில் ஏறி, சுற்றுப்பாதையால் தாங்கியடிக்குப் போய், லொறித் தட்டிலிருந்தபடியே பனியனை எறிந்துவிட்டு, அதே லொறியில் திரும்பி வந்தேன். யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அரை மணி கழித்து நானா புள்ளையோடு புறப்பட்டார். நான் பின்னால் போனேன். வேலியோரம் முழுக்க ஒரு பிசகும் இல்லை. றோட்டு விளிம்புக்கு வந்தது. நான் லொறியில் கால் வைத்த அதே இடம். மூன்று சுற்றுச் சுற்றியது. உட்கார்ந்தது. நானாவைப் பார்த்தது.

அந்த மூக்கு இவ்வளவு சரியாகச் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நானா திரும்பி என்னைப் பார்த்தார். "தம்பி, இதால நடந்தீங்களா?"

ஒருதரம்தான் கேட்டார். அந்த ஒருதரத்தில் சொல்லியிருக்கலாம். சப்பாத்துக் கடித்தது நானா, லொறியில் ஏறிவிட்டேன் என்றால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். ஆனால் நாளைக்கு மாப்பிள்ளையாகப் போகிறவன் நான், உத்தியோகத்தன். ஒரு நாய்க்கு முன்னால் கையும் களவுமாகப் பிடிபட எனக்கு மனம் வரவில்லை.

"ஓம் நானா. நேர நடந்தனான். றோட்டைக் கடந்து பத்தைக்குள்ள," என்றேன்.

அவர் நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி நாயைப் பார்த்தார். அவருடைய முகத்தில் இரண்டு நம்பிக்கைகள் மோதிக்கொள்வதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அத்தனை மாதத்தில் அவர் கயிற்றை இழுத்தது அதுதான் முதல்தரம்.

"பொய் சொல்லாத புள்ள. எழும்பு," என்றார்.

அது எழும்பவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். கழுத்து நீண்டு, வால் காலுக்குள் போய், எழுந்து அவருக்குப் பின்னால் நடந்தது. பத்தைக்குள் பத்தடிக்கு ஒருதரம் நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தது. தாங்கியடியில் பனியன் வெளியாகத் தெரிந்தது. அவர் அதைக் காட்டி, "பாத்தியா? இருக்குத்தானே?" என்று இறைச்சித் துண்டை நீட்டினார். புள்ள அதைத் தொடவில்லை.

மறுநாள் அந்தச் சப்பாத்தோடு போய்ப் பெண் பார்த்தேன். நொண்டாமல் நடந்தேன். எல்லோரும் சப்பாத்து நல்லது என்றார்கள்.

அதற்குப் பிறகு புள்ள மாறிவிட்டது. மணம் சற்று மெலிந்தால் முன்பெல்லாம் மூக்கை இன்னும் ஆழப் பதித்துத் தேடும். இப்போது நின்று அவருடைய முகத்தைப் பார்க்கும். உட்காருவதை அடியோடு விட்டுவிட்டது. நான் அந்த இரண்டு கிழமையும் தடங்களை ஒழுங்காகப் போட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு, ஒவ்வோர் அடியாக அழுத்தி நடந்தேன். பிழையைக் காலால் திருத்திவிட்டால் வாயால் சொல்லத் தேவையில்லை என்று பார்த்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் போனேன். ஒவ்வொரு நாளும் நானா, "என்ன பிழை விட்டன் எண்டு விளங்கல்லயே தம்பி," என்று என்னிடமே கேட்டார். நான் புத்தகத்தைப் புரட்டி அவருக்கு வேறு ஏதோ வாசித்துக் காட்டினேன்.

சோதனை நாளில் தடம் போட்டது வேறு ஒரு காவல்காரன். இரண்டாவது திருப்பத்தில் புள்ள நின்றது. நிமிர்ந்து நானாவின் முகத்தைப் பார்த்தது. அவருக்குத் தடம் தெரியாது, என்ன சொல்வார்? கயிற்றைத் தளர விட்டு, "நீ சொல்லு புள்ள, நீ சொல்லு," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு நின்றார். அது அவர் சொல்லட்டும் என்று நின்றது. பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துப் போதும் என்றார்.

கடிதம் நான்தான் தட்டச்சு செய்தேன். பெரியவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல என் விரல் அடித்தது. நாயின் மூக்கு நம்பத்தக்கதல்ல, ஆகையால் நாய் திருப்பி அனுப்பப்படுகிறது, பழக்கியவர் பழைய வேலைக்கு மாற்றப்படுகிறார். ஒரு பிரதி அவருக்கு. அதை வாங்கி இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்கவில்லை. புள்ளையை லொறியில் ஏற்றியபோது அது அவருடைய கையை நக்கியது. லொறி கண்ணுக்கு மறையும்வரை குழாயடிக்குப் போகாமல் நின்றார்.

பீப்பாய் வேலை எட்டு மாதம் செய்தார். பிறகு முழங்கால் மடிக்க ஏலாமல் நின்றுவிட்டார். எனக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது.

பதினான்கு வருடம் கழித்து, மனைவியின் வீட்டுக் கலியாணம் ஒன்றுக்குத் திருகோணமலைக்கு வந்தவன், ஒருவரிடமும் சொல்லாமல் கிண்ணியாவுக்குப் போனேன். துறையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில் நிற்கும்போது, சொல்லவேண்டியதை மனதுக்குள் இரண்டு மூன்று விதமாக அடுக்கிப் பார்த்தேன். ஒரு விதத்திலும் நான் நல்லவனாக வரவில்லை.

வேலிக்குள் கதிரை ஒன்றில் இருந்தார். தாடி முழுக்க வெள்ளை. கால் நீட்டியபடி. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். "இருங்கோ நானா" என்று தடுத்தேன். தேத்தண்ணி வந்தது. புள்ளையின் கதையை அவரே எடுத்தார்.

"அந்த றோட்டடியில என்ன இருந்திருக்கும் தம்பி? லொறி எண்ணெய் கொட்டியிருக்குமோ? பாம்பு கீம்பு கடந்திருக்குமோ? இத்தின வருசமா யோசிக்கிறன்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். சப்பாத்திலிருந்து பனியன் வரை சொன்னேன். முடித்ததும் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"எந்த இடத்தில லொறியில ஏறினீங்க?"

"புள்ள குந்தின இடத்தில நானா. சரியா அதே இடத்தில."

அவர் முகம் மலர்ந்தது. இப்படி ஒன்றை நான் எதிர்பார்த்துப் போகவில்லை. குசினிப் பக்கம் திரும்பி, "கேட்டியா? புள்ள சரியாத்தான் சொல்லியிருக்கு. அது பிழை விடல்ல," என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு என் காலைப் பார்த்து, "சப்பாத்துக் கடிச்சா சொல்லியிருக்கலாமே தம்பி. அண்டைக்குத் தடத்தை விட்டிருப்பன்," என்றார். அந்தக் குரலில் குறையே இல்லை. ஓர் அறை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

பிறகு கயிறு பிடித்த கையைத் திருப்பிப் பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது.

"நான் அதைப் பொய் சொல்லாத எண்டு ஏசிப்போட்டனே," என்றார்.

என் பாரத்தை இறக்கி வைக்கப் போய், அதில் பாதியை அவர் தலையில் ஏற்றிவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது.

அவர் மனைவியிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மா அலுமாரியிலிருந்து மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். மடிப்பில் பழுத்துக் கிழியத் தொடங்கியிருந்தது. நான் தட்டச்சு செய்த கடிதம்.

"இதை ஒருத்தர்ட்டயும் குடுத்து வாசிக்கல்ல. கேட்டா நம்பவேணுமே, அதால கேக்கல்ல. இப்ப வாசிங்க, புள்ளையைப் பத்தி என்ன போட்டிருக்கு?"

வாசித்துத் தமிழில் சொன்னேன். மூக்கு நம்பத்தக்கதல்ல என்ற வரியையும் விடாமல் சொன்னேன்.

"ஆர் அடிச்சது?"

"நான்தான் நானா."

"அப்ப நீங்களே வெட்டுங்க," என்றார்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அந்த வரியைக் குறுக்கே வெட்டினேன். கீழே சரியானதை எழுதச் சொன்னார். தமிழில் தொடங்கப் போனேன். "இல்ல, அதே பாசையில எழுதுங்க. அதை வாசிக்கிறவன் இதையும் வாசிக்கவேணும்," என்றார். மடியில் தாளை வைத்து ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"என்ன எழுதினீங்க தம்பி?"

"நாய் பிழை விடயில்லை, தடம் போட்ட நான்தான் பொய் சொன்னனான், நாய் குந்தின இடம் சரி எண்டு எழுதினனான்."

தலையை மெல்ல ஆட்டினார். தாளை வாங்கினார். அந்தப் பாசையில் ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. முன்பு ஒருதரம் அவர் கேட்டபோது நேரே முகம் பார்த்துப் பொய் சொன்ன அதே வாயைத்தான் இப்போதும் கேட்டார். நான் எழுதியது உண்மைதான். ஆனால் அந்த மூன்று வரியில் நான் என்ன எழுதியிருந்தாலும் அவர் அதை அப்படியேதான் மடித்திருப்பார், பழைய மடிப்பிலேயே, இரண்டாக, கிழிந்துவிடாமல் மெதுவாக.